தொப்பிக்குள் போன சுருட்டை

இந்தக் கதையில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. வயிறு வலிக்கும், கண்ணில் தண்ணீர் வரும், பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் முதுகில் நாலு அடி விழும். அப்படிப்பட்ட சிரிப்பு. ஆனால் இப்போதே எடுத்துக் கொடுத்துவிட முடியாது. கல்யாண வீட்டில் வாசலிலேயே பிரியாணி தேக்சாவைத் திறந்து வைக்கிறார்களா என்ன? உட்கார வேண்டும். சர்பத் குடிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யாராவது தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச வேண்டும். அதுவரை நாம் சேக் அலாவுதீனின் தலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

தலை என்றால் தலைமுடி. தலைக்குள் என்ன இருந்தது என்பது கடைசியில்தான் தெரியும்.

காரைக்காலில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் எத்தனையோ பேர். ஐம்பதைத் தாண்டியும் தலை கறுத்திருந்தவர் தாம் ஒருவரே என்பது அலாவுதீனின் பெருமை. துபாயில் பாதி வயதைக் கழித்துவிட்டு வந்து துணிக்கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவர்கள் துணியைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் தலையைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் சீப்பை எடுத்துச் சீவுவார்.

"எங்க வாப்பாவோட வாப்பாவுக்கும் இப்படித்தான். கண்ண மூடி மௌத்தாப் போற அன்னிக்கும் கறுகறுன்னு இருந்துச்சு. எல்லாம் ரத்தம் தம்பி, ரத்தம்!"

அந்த ரத்தம் வெள்ளிக்கிழமை காலைகளில், சாத்திய குளியலறைக் கதவுக்குப் பின்னால், கறுப்பு மருதாணிப் பொட்டலம் ஒன்றிலிருந்து ஊறி வரும். தூளைக் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் பூசி, ஜும்ஆத் தொழுகைக்கு நேரம் ஆகும்வரை குந்தியிருப்பார். வெளியே வரும்போது வாலிபர். குளியலறையில் மக்கின் விளிம்பு கறுப்பு. துண்டின் ஓரம் கறுப்பு. வெள்ளை சோப்பு வரிக்குதிரை மாதிரி இருக்கும். அந்தத் துண்டைத் துவைப்பதும் சோப்பை மாற்றி வைப்பதும் அவர் மனைவி சித்திக்காதான். ஆனாலும் இது உலகத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம் என்று அலாவுதீன் மனதார நம்பினார். நம்பிக்கை பெரிய விஷயம்.

சித்திக்காவுக்கு ஒரே ஆசை. மக்காவுக்கு உம்ராப் பயணம் போக வேண்டும். மகளைக் கட்டிக் கொடுத்ததிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். 

"இந்த வருசமாவது போவோமாங்க?"

"கடையில ஸ்டாக் எடுக்கணும்."

அடுத்த வருஷம்: "முட்டி வலிக்குது."

அதற்கடுத்த வருஷம்: "அங்க இப்ப சூடு ஜாஸ்தியாம்."

"துபாயில கிடந்தவருக்குச் சூடா?"

"அது வேற சூடு."

ஸ்டாக்கும் இல்லை, முட்டியும் இல்லை. உம்ரா முடிந்ததும் ஆண்கள் முடி மழிக்க வேண்டும். கொஞ்சம் கத்தரித்தாலும் போதும்தான். ஆனால் எதிர்வீட்டு ஜவஹர் அலி போய்விட்டு வந்து, பளபளக்கும் மொட்டையைத் தடவிக்கொண்டே தெருவெல்லாம் சொல்லியிருந்தார்: "மொட்டை போட்டாத்தாம்பா மனசு நெறையுது. ஓரத்துல நறுக்கிட்டு வர்றதெல்லாம் நமக்கு ஆவாது." அலாவுதீன் நறுக்கிக்கொண்டு வந்தால் ஜவஹர் அலி சும்மா விடுவாரா? சரி, மழிக்கலாம் என்றால், மழித்த தலையில் முளைக்கப்போவது என்ன? தும்பைப் பூ! ரத்தத்தின் கதை ஊருக்கே வெள்ளை வெளேரென்று தெரிந்துவிடும். ஆகவே, முட்டி வலி.

ஒரு நாள் காலை. கிளிஞ்சல்மேட்டு மாரியம்மாள் மீன் கூடையை இறக்கி வைத்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"பாயம்மா, கொடுவா இருக்கு, எறா இருக்கு. பாய்க்கு என்ன வேணும்?"

"அவருக்கு என்ன வேணும் மாரியம்மா, ஒரு கண்ணாடி இருந்தாப் போதும்."

அலாவுதீன் பேப்பரைத் தாழ்த்தினார். கோபப்படவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"ஜவஹரண்ணன் மவன் நிக்காஹ் வருதுல்ல," என்றாள் சித்திக்கா, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. "நிக்காஹ்னாலே எனக்கு எங்க நிக்காஹ்தான் ஞாபகம் வருது. சுருட்டை சுருட்டையா என்னா முடி இவருக்கு!"

பேப்பர் கீழே விழுந்தது.

"சுருட்டையா? எனக்கா?"

"பாரு மாரியம்மா, மறந்தே போயிட்டாரு!"

அலாவுதீன் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். தலையில் தொப்பி. தொப்பியிலிருந்து மூக்கு வரைக்கும் மல்லிகைச் சரம். கழுத்திலிருந்து மூக்கு வரைக்கும் மாலை. அவர் என்பதற்கே அந்த மூக்கு ஒன்றுதான் சாட்சி. சுருட்டை தெரியவில்லை. ஆனால் சுருட்டை இல்லை என்றும் தெரியவில்லையே!

குளிக்கும்போது லேசாக ஞாபகம் வந்தது. பசியாறும்போது நெற்றியில் புரண்டதும் ஞாபகம் வந்தது. கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சீப்பு சிக்கிக்கொண்டு பல் உடைந்ததுகூட ஞாபகம் வந்துவிட்டது. மத்தியானம் கடைப் பையன்களிடம், "துபாயில அரபிங்களே என்னய அரபின்னு நினைச்சு அரபில பேசுவானுங்க. எல்லாம் சுருட்டை முடியாலதான்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், யாரோ மூன்றாம் மனிதருக்காகக் கேட்பதுபோல் கேட்டார்.

"இந்தக் காலத்துல நேர் முடியச் சுருட்டையாக்குறாங்களாமே?"

"ஆமாங்க, பெர்மிங்னு பேராம். நம்ம மாரியம்மாவோட அண்ணன் மவன் அறிவுமதி, திருநள்ளாறு ரோட்டுல சலூன் போட்டிருக்கானாம். மெட்ராசுல படிச்சிட்டு வந்தவனாம். ஏங்க, யாருக்கு?"

"யாருக்கோ!"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஜவஹர் அலி வீட்டு நிக்காஹில், மொட்டையும் வழுக்கையும் வெள்ளையுமாக ஊரே உட்கார்ந்திருக்கும் சபையில், சேக் அலாவுதீன் கறுஞ்சுருட்டையோடு நுழைவார். மாப்பிள்ளை யார் என்று வீடியோக்காரர் ஒரு நிமிஷம் குழம்ப வேண்டும்!

அறிவுமதியின் சலூனில் குளிர்பதன மெஷின் உறுமியது. பாட்டு இரைந்தது. அறிவுமதி இரைச்சலுக்கு மேலே இரைந்து பேசுகிற ஆள். ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வி மாதிரி முடிப்பான்.

"வாங்க பாய்? உக்காருங்க பாய்? பெர்மிங்கா? சூப்பர் பாய்? ஒரே ஒரு கேள்வி? ஹேர் நேச்சுரலா? டை, கலர், மருதாணி எதாச்சும்?"

பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க வெள்ளைப் பசையோடு ஒருவன் சாய்ந்து கிடந்தான். பசைக்குள்ளிருந்து ரெண்டு கண் திறந்தது. அது ஜவஹர் அலியின் மகன் அஃப்ரித். கல்யாண மாப்பிள்ளை!

"அஸ்ஸலாமு அலைக்கும், மாமா."

"வ அலைக்கும் ஸலாம்," என்ற அலாவுதீன், அறிவுமதி பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினார். "டையா? எனக்கா? ரத்தம் தம்பி, ரத்தம்!"

"இல்ல பாய், டை அடிச்ச முடிக்கு இந்த மருந்து ஆவாது? வெந்துரும்?"

"எங்க வாப்பாவோட வாப்பாவுக்கும் இப்படித்தான்."

"கடைசியாக் கேக்குறேன் பாய்? வெள்ளிக்கிழமை, கிள்ளிக்கிழமை, லேசா எதாச்சும்?"

ஒரு விநாடி. ஒரே ஒரு விநாடி அலாவுதீனின் நாக்கு புரண்டது. 'ஆமா' என்ற சொல் பல் வரைக்கும் வந்தது. பசைக்குள்ளிருந்த ரெண்டு கண்ணும் அவரையே பார்த்தன.

"நேச்சுரல்!" என்றார்.

அறிவுமதி பெருமூச்சு விட்டான். பிறகு வேலையை ஆரம்பித்தான். முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றினான். மேலே மருந்தை ஊற்றினான். அழுகிய முட்டையைச் சுண்ணாம்பில் ஊறவைத்த மாதிரி ஒரு வாடை. அஃப்ரித் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடியே போனான். 

கொஞ்ச நேரத்தில் அலாவுதீன் நெளிந்தார்.

"தம்பி, சூடா இருக்கே?"

"சூடு வரக்கூடாதே பாய்?"

"அது வேற சூடா இருக்கும்."

அறிவுமதி ஒரு குழலைப் பிரித்தான். பிரித்தவன் முதன்முறையாகக் கேள்வி இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னான். "அய்யோ."

தொட்டிக்கு இழுத்துப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டான். கறுப்பு ஓடியது, பழுப்பு ஓடியது, பிறகு யாருமே எதிர்பார்க்காத ஒரு பச்சை ஓடியது. அப்புறம் கண்ணாடி.

கண்ணாடியில் இருந்தது முடி இல்லை. பாதி தேங்காய் நார். பாதி பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருள். முகத்துவாரத்தில் கரை ஒதுங்கிக் காய்ந்துபோன வலையைத் தூக்கித் தலையில் போட்ட மாதிரி, செம்பும் பாசியும் கலந்த ஒரு நிறம். சீப்பை வைத்தான். சீப்போடு ஒரு கொத்து வந்தது. விரலை வைத்தான். விரலோடும் வந்தது.

"பாய்," என்றான் அறிவுமதி மெதுவாக. "உங்க ரத்தத்துல மருதாணி கலந்திருக்கு போல?"

"சரி பண்ணு!"

"ஒட்ட வெட்டிடலாம் பாய்? அதான் வழி?"

"வெட்டக்கூடாது!" வெட்டினால் அடியில் இருப்பது வெள்ளை. 

ஜும்ஆவுக்காக எப்போதும் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் வலைத் தொப்பியை எடுத்தார். காது வரைக்கும் இழுத்து மாட்டினார். கண்ணாடியில் பார்த்தார். மிக மரியாதையான ஒரு மனிதர் தெரிந்தார். அட! இது போதுமே! தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்பார்களா? தம் புத்தியைத் தாமே மெச்சிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சித்திக்கா கதவைத் திறந்தாள். தொப்பியைப் பார்த்தாள்.

"என்னங்க, இது தொழுவுற நேரம் இல்லையே?"

"இனிமே எந்நேரமும் தொப்பிதான். மனசுக்குள்ள நிய்யத்து வச்சிட்டேன்."

"அல்லாவே!" நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள் ரெண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று அலாவுதீன் நினைத்தார். பெருமையாக இருந்தது.

பெருமை விடியும்வரைதான்.

"எந்திரிங்க, சுபுஹுத் தொழுகைக்கு பாங்கு சொல்லிட்டாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம்..."

"தொப்பி போட்டுத் தூங்குற மனுசன் தொழுவாமத் தூங்குவாரா? சனங்க என்ன சொல்லும்?"

எழுந்தார். அன்றைக்கும், மறுநாளும், அதற்கு மறுநாளும். பள்ளிவாசலில் முதல் வரிசையில் அவரைப் பார்த்து ஜவஹர் அலி வாயைப் பிளந்தார். "அலாவுதீனா? பாங்கு சொல்றதுக்கு முந்தியேவா?" தொழுதுவிட்டு வரும் வழியில் மீன் வாங்கி வரும் வேலை தானாக வந்து சேர்ந்தது. தொப்பியோடு சிகரெட் பிடித்தால் நன்றாக இருக்குமா? சிகரெட் போயிற்று. தொப்பியோடு கேரம் ஆடிக் கத்தினால்? கேரம் போயிற்று. ஆனால் போன இடத்திலெல்லாம் சலாம் வந்தது. தெருப் பிள்ளைகள் பந்தை நிறுத்தி வழி விட்டார்கள். கடையில் பெண்கள் விலையைக் குறைத்துக் கேட்கவே கூச்சப்பட்டார்கள். விடியற்காலைக் கடல் காற்று முகத்தில் படுவதுகூட நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் சித்திக்கா ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று சொல்லவில்லை.

ஒரே ஆபத்து அரசலாற்றுப் பாலம். அங்கே வீசுகிற காற்று வேட்டியையே விடாது, தொப்பியை விடுமா? ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட், அடியில் தொப்பி, அடியில் சோகம்.

அந்தச் சோகத்துக்கு வைத்தியமும் ரகசியமாக நடந்தது. குளியலறைக்குள் தயிர் போயிற்று. முட்டை போயிற்று. வெந்தயம் அரைத்துப் போயிற்று.

"என்னங்க, தயிரைக் காணோமே?"

"பூனை."

"முட்டை ரெண்டு இருந்துச்சே?"

"அதுவும் பூனைதான்."

"இடியாப்பத்துக்குத் தேங்காப்பால் பிழிஞ்சு வச்சேனே?"

"சொன்னேன்ல, பூனைன்னு!"

சித்திக்கா காலிப் பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்தாள். "பாவம், அந்தப் பூனைக்கு முடி ரொம்பக் கொட்டுது போலருக்கு," என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து தயிரை ரெண்டு பாத்திரமாக உறை ஊற்றினாள். அலாவுதீனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

எத்தனை பூசியும் நார் நாராகவே இருந்தது. கீழிருந்து வெள்ளை ஏறியது. மேலே பாசி, நடுவே செம்பு, அடியில் தும்பை. தலையில் ஏதோ ஒரு நாட்டுக் கொடி. 

ஜவஹர் அலி வீட்டு நிக்காஹ் வந்தது. சுருட்டையோடு நுழைய நினைத்தவர் தொப்பியோடு நுழைந்தார். ஆனால் யாரும் அவரைப் பின்னால் உட்காரச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப் போய் நிக்காஹ் ஓதிவைக்க வந்த ஹஜ்ரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையைவிட அவருக்குத்தான் அதிக சலாம். 

"மாஷா அல்லா," என்றார் ஹஜ்ரத், ஒவ்வொரு எழுத்தையும் தேனில் முக்கி எடுத்த குரலில். "அலாவுதீன் பாய், அடுத்து உம்ராதானே?"

அந்த நிமிஷம் அலாவுதீனின் தலைக்குள், ஆமாம், நாருக்கும் அடியில், ஒரு விளக்கு எரிந்தது. உம்ரா! மழித்தல்! ஊர் அறிய, மரியாதையோடு, இந்த நாரைத் தூக்கி எறிந்துவிடலாம்! அப்புறம் முளைக்கிற வெள்ளையைப் பார்த்து எவனும் வாய் திறக்க மாட்டான். 'போய் வந்ததிலிருந்து பாய் டையெல்லாம்...' இல்லை, இல்லை, 'முகத்தில் ஒளி வந்துடுச்சு' என்பார்கள்! இப்படி ஒரு யோசனை காரைக்காலில் யாருக்காவது வருமா? 

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"சித்திக்கா, உம்ராவுக்குப் போவோம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"முட்டி வலி?"

"போயிருச்சு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை முந்தானை வாய்க்குப் போகவில்லை. கண்ணுக்குத்தான் போனது. எத்தனை வருஷத்து ஆசை! அவள் அழுவதைப் பார்த்து அலாவுதீனே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பாவம், எதற்காகக் கூட்டிப் போகிறேன் என்று இவளுக்குத் தெரியாது! பெண்டாட்டியை ஏமாற்றிப் புண்ணியமும் சேர்க்கிற கெட்டிக்காரன் நான் ஒருத்தன்தான்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் மதரஸாவில் ஹஜ்ரத் வகுப்பு எடுத்தார். உம்ராக் குழு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. 

"உம்ராவுக்குக் கட்டுற இஹ்ராம்ல ஆண்களுக்கு ரெண்டே துணி. தைச்ச துணி கூடாது. தலைய மூடக்கூடாது. தொப்பி கூடாது."

அலாவுதீன் கையைத் தூக்கினார். "ஹஜ்ரத், சின்னத் தொப்பி?"

"சின்னதும் கூடாது."

"வலைத் தொப்பி? ஓட்டை இருக்கும்."

"ஓட்டை இருந்தாலும் தொப்பி தொப்பிதான் பாய்."

"குளிருக்கு ஒரு துண்டு?"

"கூடாது."

"குடை?"

"குடை பிடிக்கலாம். ஆனா ஃப்ளைட்டுக்குள்ள எதுக்கு பாய் குடை?"

குழுவே சிரித்தது. மழிக்கும்வரை, மொத்த காரைக்கால் குழுவுக்கும் முன்னால், இந்தக் கொடி பறந்துகொண்டே போகும். அன்றிலிருந்து அலாவுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. சித்திக்கா கேட்டதற்கு, "பயணத்து நினைப்பு" என்றார்.

கிளம்பும் நாள் காலை. இஹ்ராம் துணியை வீட்டிலேயே கட்டிக்கொண்டு கிளம்புவதென்று குழுவில் முடிவு. வாசலில் சென்னைக்குப் போகிற வேன். கூடத்தில் ஜவஹர் அலி, சம்பந்தி வீடு, தெருவில் பாதி. உள் அறையில் அலாவுதீன், ரெண்டு வெள்ளைத் துணி, ஒரு தொப்பி.

"சித்திக்கா, கதவச் சாத்து."

சாத்தினாள்.

"ஒண்ணு சொல்லணும். கத்தக்கூடாது."

"சொல்லுங்க."

தொப்பியைக் கழற்றினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். 

கத்தல் வரவில்லை. "ம்," என்றாள் சித்திக்கா. அவ்வளவுதான். கொல்லைப்புறக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. 

"அறிவு, உள்ள வா தம்பி."

அலாவுதீன் கண்ணைத் திறந்தார். கையில் மெஷினோடு அறிவுமதி நின்றான். 

"உக்காருங்க பாய்? இஹ்ராம் கட்டுறதுக்கு முந்தி எடுத்துரலாமாம்? ஹஜ்ரத்துக்கிட்ட பாயம்மா கேட்டாச்சாம்? அங்க போயி மறுபடி ஒரு தடவ பிளேடு ஓட்டிக்கலாமாம்?"

"நீ எப்படிடா இங்க? யாரு சொன்னா?"

"பாயம்மாதான்?"

"எப்ப?"

அறிவுமதி சித்திக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். கேள்வி இல்லாமல், நேராகச் சொன்னான்:

"நீங்க என் கடைக்கு வந்தீங்கள்ல பாய், அதுக்கு முந்தின நாளு. மாரியம்மா அத்தைகிட்ட பாயம்மா சொல்லிவிட்டாங்க. 'டை அடிக்கிறது உண்டான்னு மூணு தடவ கேளு. ஒரு தடவயாவது ஆமான்னு சொன்னாருன்னா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு, முடியத் தொடாத. இல்லன்னே சாதிச்சா, அப்புறம் அவரு பாடு'ன்னாங்க. நானும் மூணு தடவ கேட்டேன் பாய்."

மெஷின் ஓடியது. நார் விழுந்தது. பாசி விழுந்தது. செம்பு விழுந்தது. அவர் மனதில் துண்டு ஓடியது, சோப்பு ஓடியது, குலுங்கிய தோள் ஓடியது.

"அப்ப... அந்தப் பூனை?"

"நம்ம வீட்ல ஏதுங்க பூனை?" சித்திக்கா அவர் தலையைத் துண்டால் துடைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். தானே செய்து முடித்த ஒன்றைப் பார்க்கிற பெருமை அவள் முகத்தில் நிறைந்திருந்தது. "அழகா இருக்கீங்க. முடிதான தடையா இருந்துச்சு. இப்ப இல்ல."

அலாவுதீன் கடைசிப் பெருமையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் சரி. ஆனா நம்ம நிக்காஹ் அன்னிக்கி என் சுருட்டை முடியக் கண்ணால பாத்தேன்னு சொன்னியே, அதாவது நெசம்தானே?"

"நெசம்தாங்க." சித்திக்கா வெள்ளைத் துணியை அவர் தோளில் சரியாகப் போட்டுவிட்டாள். "ஆனா பொண்ணு நான் அன்னிக்கி எங்க தலை நிமிந்தேன்? குனிஞ்சு உங்க காலைத்தான் பாத்தேன். அங்க இருந்துச்சு, சுருட்டை சுருட்டையா."